கைப்பட்டையைக் கட்டிக்கொண்டவர்

"துணைப் பராமரிப்பாளர்: நோயாளியுடன் ஒரே வீட்டில் வசிப்பவர். பொறுமையும் நிதானமும் உடையவர். நோயாளியின் தூக்கத்தையும் மனநிலையையும் கூர்ந்து கவனிப்பவர். ஆய்வின் விதிமுறைகளை எவ்வித மாற்றமுமின்றிப் பின்பற்றுபவர்."

ஆய்வு நிலையம் கொடுத்த கையேட்டில் இப்படித்தான் இருந்தது. இதில் என் கணவருக்குப் பொருந்துவது முதல் வாக்கியம் மட்டும்.

அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். அந்தக் காரில் கற்றுக்கொள்பவரின் காலடியில் ஒரு பிரேக் உண்டு, இவர் காலடியில் இன்னொன்று. தன்னுடையதை இவர் தேவைக்குச் சற்று முன்பே மிதித்துவிடுவதால் மாணவர்கள் வைத்த பெயர் 'பிரேக் மாஸ்டர்'. பொறுமையைப் பற்றிக் கேட்டால், இவரிடம் கற்றவர்கள் நன்றாகவே ஓட்டுகிறார்கள், நடுவில் கொஞ்சம் அழுதாலும். கூர்ந்த கவனிப்போ இரவு ஒன்பது மணி வரைதான். அதற்குப் பிறகு வீட்டையே பெயர்த்துக்கொண்டு போனாலும் அவருக்குத் தெரியாது.

நான் மட்டும் என்ன ஒழுங்கு? பள்ளிப் பாடநூல்களுக்கு மெய்ப்புத் திருத்துபவள் நான். எனக்கு இருமுனை மனநிலைக் கோளாறு. சில காலம் பாதாளத்தில் கிடப்பேன், சில காலம் கூரையைப் பிய்த்துக்கொண்டு போவேன். கடைசியாகக் கூரையைப் பிய்த்தபோது, ஆறாம் வகுப்புப் புவியியலில் ஆறுகளின் போக்கு சலிப்பூட்டியதால் இரண்டைக் கொண்டுபோய் வேறு கடலில் சேர்த்தேன். பதிப்பகத்தார் ரசிக்கவில்லை. என் கணவர் டாக்டருக்குப் போன் செய்தார். வாரக்கணக்கில் வார்டில் இருந்தேன். வெளியே வந்ததும், போன் செய்த குற்றத்துக்காக அவரோடு பல மாதம் பேசவில்லை. நன்றியுணர்ச்சியில் நான் எப்போதும் ஒரு படி மேல்.

மனநிலை ஏறப்போவது மனசுக்கு முன்பே உடம்புக்குத் தெரிந்துவிடுகிறதா என்பதுதான் ஆய்வு. முதலில் தூக்கம் குறையுமாம், ஆனால் களைப்பு வராது. நோயாளி அதை நோய் என்று நினைக்கமாட்டார், தன் திறமை என்று நினைப்பார். ஆகவே நோயாளியை நம்புவதைவிட மணிக்கட்டை நம்பலாம் என்று முடிவு செய்து, ஒரு கைப்பட்டையைக் கட்டிவிட்டார்கள். தூக்கம், அசைவு, நாடித்துடிப்பு எல்லாம் அதிலிருந்து நேராக ஆய்வு நிலையத்துக்குப் போய்விடும்.

ஒழுங்காகத்தான் கட்டியிருந்தேன், மனநிலை ஏறத் தொடங்கும்வரை. எந்த நேரத்துக்காக அது கட்டப்பட்டதோ அந்த நேரம் வந்ததும் கழற்றிவிட்டேன்.

"எங்க அந்தப் பட்டை?" என்றார் அவர்.

"அரிக்குது. பிரிட்ஜ் மேல இருக்கு."

"அரிச்சா அடுத்த கையில மாத்திக் கட்டு."

"ரெண்டு கையும் அரிக்குதுங்க. அவ்வளவு ஆசையா இருந்தா நீங்க கட்டிக்குங்க."

எரிச்சலில் சொன்னதை யாராவது யோசனையாக எடுத்துக்கொள்வார்களா? இவர் எடுத்துக்கொண்டார். பட்டை கட்டப்படவில்லை, இப்படியே போனால் ஆய்விலிருந்து நீக்கப்படுவீர்கள் என்று அவர் போனுக்குத் தகவல் வந்ததாம். ஆய்வில் இருக்கும்வரைதான் ஒவ்வொரு முறையும் அதே டாக்டர் பார்ப்பார், நான் சாப்பிடும் லித்தியம் மாத்திரை ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று சோதிப்பார்கள். அது போய்விடுமே என்ற பயம். இன்று ஒரு நாள் மட்டும் என்று கட்டிக்கொண்டவர், மூன்று வாரம் கழற்றவில்லை. வெயிலில் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு திரிந்தார். நான் கவனிக்கவில்லை. சமையலறைச் சுவருக்கு மஞ்சள் அடித்துக்கொண்டிருந்தேன், அப்புறம் அதன் மேலேயே பச்சை.

பரிசோதனை நாளன்று மருத்துவமனை வாசலில், "இதைக் கட்டிக்கோ, ஒண்ணும் பேசாத" என்று பட்டையை என் கையில் மாட்டிவிட்டார்.

உள்ளே கணினியோடு உட்கார்ந்திருந்த இளம் ஆய்வாளர் என்னைப் பார்த்ததும் பூரித்துப்போனாள். "அக்கா, எங்க ஆய்வுலயே உங்க தூக்கம்தான் நம்பர் ஒன்! குழந்தை மாதிரி தூங்குறீங்க."

பிரிட்ஜ் மேல் கிடந்த பட்டை எப்படி இவ்வளவு நன்றாகத் தூங்கியது என்ற கேள்வி எனக்கு வரவே இல்லை. நான் நன்றாக இருக்கிறேன் என்று அறிவியலும் ஒப்புக்கொண்டதாகத்தான் தோன்றியது.

"ஒண்ணுதான் புரியல" என்றாள் அவள். "காலையில எட்டு மணிக்கு நாடித்துடிப்பு எகிறுது. இறங்குது. மறுபடி எகிறுது. உட்கார்ந்தேதான் இருக்கீங்க. அப்ப என்ன செய்வீங்க?"

"மெய்ப்புப் பார்ப்பேன்."

"அதுக்கா இப்படி?"

"நீ அந்த மாதிரி பிழைகளைப் பார்த்ததில்லம்மா."

என் கணவர் இருமினார். பக்கத்து நாற்காலியில் இருந்த டாக்டர் கணினியில் வரைபடத்தைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "கை நடுங்குது, லித்தியத்தைக் குறைங்கன்னு கேட்டுக்கிட்டே இருந்தீங்க இல்ல? தூக்கம் இவ்வளவு சீரா இருக்கு. குறைச்சுப் பார்க்கலாம்."

சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. என்னைத் தரையில் பிடித்து வைத்திருப்பது அந்த மாத்திரைதான். ஏறிக்கொண்டிருப்பவளுக்கு அதைக் குறைத்தால் நேராக வார்டுதான் என்பது எனக்கும் தெரியும், ஆனால் ஏறிக்கொண்டிருப்பவள் நான் என்பது தெரியாது. என் கணவருக்கு இரண்டும் தெரியும்.

டாக்டர் சீட்டில் எழுதப் பேனாவைத் திறந்தார்.

"டாக்டர், அந்தத் தூக்கம் என்னுது" என்றார் என் கணவர்.

"என்னது?"

"தூக்கம் என்னுது டாக்டர். துடிப்பும் என்னுதுதான். எட்டு மணிக்குப் பசங்க ரவுண்டானாவுல வண்டியைத் திருப்புறப்போ எனக்கு அப்படித்தான் அடிக்கும்."

ஆய்வாளர் தலையில் கை வைத்துக்கொண்டாள். "ஐயோ சார், மூணு வார டேட்டா!"

டாக்டர் பேனாவை மூடவும் இல்லை, எழுதவும் இல்லை. "அப்ப இவங்க எவ்வளவு தூங்குறாங்க?"

நான் முந்திக்கொண்டேன். "என்னங்க, வீட்டுக்கு வாங்க, பேசிக்கலாம்."

"வீட்டுக்குப் போனா நீ பேசமாட்டே. அது எனக்குத் தெரியும்" என்றார் அவர். பிறகு டாக்டரிடம், "காலையில எழுந்தா தினமும் சுவரு வேற கலர்ல இருக்கு டாக்டர். கட்டில்ல அவ பக்கம் போர்வை மடிச்ச மடிப்பு கலையல" என்றார்.

என் பார்வையில் இருந்த மிரட்டலுக்கு எந்த மாணவனும் வண்டியை ஓரம் கட்டியிருப்பான். அவர் கடைசிவரை சொல்லி முடித்தார்.

எங்களை ஆய்விலிருந்து நீக்கினார்கள். லித்தியத்தைக் குறைக்கவில்லை. அன்றே ரத்தம் எடுத்தார்கள், தூக்கத்துக்கு இன்னொரு மாத்திரை சேர்த்தார்கள். இந்த முறை நான் வார்டுக்குப் போகவில்லை. அவரோடு பேசாமல் இருந்தது வெறும் நான்கு நாள்தான். இதை என் முன்னேற்றமாகக் குறித்துக்கொள்ளுமாறு டாக்டரைக் கேட்டேன், சிரித்துவிட்டார்.

என் கணவர் மூன்று வாரம் என் பட்டையைக் கட்டிக்கொண்டு ஓர் ஆய்வைக் கெடுத்தார். மருந்தைக் குறைக்கவிருந்த அன்று, என் முன்னாலேயே, நான் தூங்குவதில்லை என்று டாக்டரிடம் சொன்னார்.