வாப்பாவின் இரும்புப் பெட்டியும் வெள்ளிக்கிழமைச் சோறும்

வாப்பாவின் இரும்புப் பெட்டியைத் திறப்பதற்கு முதலே என் மூத்த சகோதரர்களான காக்காமார் இருவரும் அதற்குள் இருப்பதைப் பங்கு பிரித்துவிட்டார்கள். வாப்பா மௌத்தாகி, அடக்கம் செய்து மூன்றாவது வெள்ளிக்கிழமை, சின்னக் காக்கா கலண்டர் தாளொன்றின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டார். மொத்தம் நாற்பது பங்கு. உம்மாவுக்கு ஐந்து, காக்காமாருக்கு ஆளுக்குப் பதினான்கு, எனக்கு ஏழு. மார்க்கப்படி அச்சொட்டான கணக்கு. அவர் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறவர், பிழை விடமாட்டார். எதை நாற்பதாகப் பிரிப்பது என்பது மட்டும்தான் தெரியவில்லை.

வாப்பாவின் இடுப்புவாரில் எப்போதும் கிடந்த சாவியைக் காணவில்லை. ஆஸ்பத்திரியில் தொலைந்திருக்கும் என்று பெரிய காக்கா சொன்னார். அவர் சம்மாந்துறையில் வயல் செய்கிறவர். ஒரு விஷயத்தை உரத்துச் சொல்லிவிட்டால் அது உண்மையாகிவிடும் என்று நம்புகிறவர். நாங்களும் நம்பினோம்.

வாப்பா கல்முனை பஸாரில் புடவைக் கடை வைத்திருந்தார். கடையைக் கைமாற்றியபோது இந்தப் பெட்டியை மட்டும் விட மனமில்லாமல் வீட்டுக்குக் கொண்டுவந்தார். அறையின் கதவு நிலையைக் கழற்றி, ஆறு பேர் தூக்கி உள்ளே வைத்தார்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் அசர் தொழுதுவிட்டு வந்து அறைக் கதவைச் சாத்திக்கொள்வார். இரும்புக் கதவு முனகுகிற சத்தம் கேட்கும். அரை மணித்தியாலம் கழித்து வெளியே வரும்போது முகம் பெருநாள் முகமாக இருக்கும். தினமும் பார்த்துச் சந்தோசப்படுகிற அளவுக்கு அதற்குள் ஏதோ இருக்கிறது என்று குடும்பமே முடிவுகட்டியதில் பிழை சொல்ல முடியாது. தங்கப் பவுண் என்றார் பெரிய காக்கா. காணி உறுதிப் பத்திரங்கள் என்றார் சின்னக் காக்கா. என் வீட்டுக்காரரோ அந்த அறையைக் கடக்கும்போது மெதுவாக நடந்தார்.

பூட்டுத் திருத்துகிறவரைக் கூட்டிவந்து உடனே திறக்கலாம்தான். பெட்டி இருந்ததோ உம்மாவின் அறையில். உம்மா புருஷனின் மௌத்துக்கான இத்தா இருந்தார். நான்கு மாதமும் பத்து நாளும் அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல் இருக்க வேண்டியவரின் அறைக்குள் பூட்டுக்காரரை எப்படி விடுவது? பெட்டியை வெளியே எடுப்பதென்றால் மறுபடியும் ஆறு ஆண்கள் வேண்டும், நிலையையும் கழற்ற வேண்டும். நடுவில் திரை கட்டலாமா என்று சின்னக் காக்கா யோசித்தார். உம்மா அறைக்குள் இருந்தபடியே, இத்தா முடியட்டும் என்று சொல்லி அனுப்பினார். அதோடு அந்தக் கதை முடிந்தது.

முடியாமல் நீண்டது என் சமையல்தான். ஜும்ஆ முடிந்ததும் காக்காமார் இருவரும் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்குவார்கள், பெட்டியைப் பார்த்துவிட்டுப் போக. பெட்டியைப் பார்க்க இரண்டு நிமிடம், சோறு தின்ன ஒரு மணித்தியாலம். பெரிய காக்காவுக்கு மீன் தலை, சின்னக் காக்காவுக்கு உறைப்பில்லாத ஆணம், குழம்பு தண்ணியாக. பூட்டின பெட்டியைப் பார்ப்பதற்கு இவ்வளவு பசி எடுக்கும் என்று எனக்கு அதற்கு முதல் தெரியாது.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். கலியாணம் முடித்த ஆண் பெண்சாதி வீட்டுக்குப் போய்விடுவான். தாய் தகப்பன் கடைசி மகளோடு இருப்பார்கள். ஆகவே உம்மா வீடு என்பது காக்காமாருக்கு மச்சான் வீடு. ஒரு அலுவல் இல்லாமல் வந்து உட்கார அவர்களுக்குக் கூச்சம். பெருநாளுக்கு வருவார்கள், தேத்தண்ணி குடிப்பார்கள், தொப்பியைக் கழற்றாமலே எழும்பிவிடுவார்கள். பெரிய காக்கா சம்மாந்துறையிலும் சின்னக் காக்கா நிந்தவூரிலும் இருக்கிறார்கள். எங்கள் வீட்டுக்கு அரை மணித்தியாலம்கூட ஆகாது. அந்த அரை மணித்தியாலத்தைக் கடக்க அவர்களுக்கு இருபது வருடம் பிடித்தது.

இரண்டாம் மாதம் உம்மாவின் தலையணை உறையைக் கழுவ உருவினேன். பஞ்சுக்குள் ஏதோ கையில் பட்டது. சாவி. வார்க் கயிறோடு அப்படியே இருந்தது.

உம்மா கட்டிலில் இருந்து தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டிருந்தார். கொஞ்சமும் பதறவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகும்போது வாப்பா கையில் தந்துவிட்டுப் போனாராம். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். எனக்குக் கோபம் வந்துவிட்டது. எட்டுக் கிழமையாக அடுப்படியில் வேகிறவள் நானல்லவா.

"தொறந்தா அவனுகளுக்கு இஞ்ச என்ன அலுவல் மகள்?" என்றார் உம்மா. "இரிக்கிற இடத்துலயே வை."

சாவியைப் பஞ்சுக்குள் தள்ளி, கழுவிய உறையைப் போட்டு, மறுநாள் மீன்காரரிடம் பெரிய தலையாகப் பார்த்து வாங்கினேன். அன்றிலிருந்து நானும் கூட்டுக் களவாணி.

காக்காமாரின் தேடுதலைப் பார்க்க எனக்குச் சிரிப்பாகவும் பாவமாகவும் இருந்தது. வாப்பாவின் கடையில் முன்பு வேலை செய்தவரைத் தேடிப்போய் விசாரித்தார்கள். ஆஸ்பத்திரித் தாதியிடம் கேட்டார்கள். பெட்டியின் அடியில் டோர்ச் அடித்துப் பார்த்தார்கள். உம்மாவிடம் மட்டும் கேட்கவில்லை. இத்தாவில் இருக்கிறவரை உலகக் காரியம் பேசித் தொந்தரவு செய்யக் கூடாதாம். அவ்வளவு மரியாதை.

இத்தா முடிந்த கிழமையே நாள் குறித்துவிட்டார்கள். பூட்டுக்காரர் துளைபோடும் மெஷினோடு வந்தார். உள்ளே இருப்பதை அங்கேயே பெறுமதி பார்க்க, சின்னக் காக்கா நகைக்கடைக்காரர் ஒருவரையும் தராசோடு கூட்டி வந்திருந்தார். அவர் மண்டபத்தில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். உம்மா காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. குசினிக்குள் எனக்குப் பக்கத்தில் நின்று, இறைச்சி வெந்துவிட்டதா என்று நாலு தரம் கேட்டார். வெந்து வெகு நேரம்.

மெஷின் உறுமத் தொடங்கியதும் உம்மா பொறுக்கவில்லை. மடியிலிருந்து சாவியை எடுத்து என் கையில் வைத்தார்.

"வாப்பாட பெட்டியில ஓட்டை போட உடமாட்டன். கொண்டு குடு."

கொண்டு கொடுத்தேன். மெஷின் நின்றது. பெரிய காக்கா சாவியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். குசினி வாசலுக்கு வந்து, இவ்வளவு நாளும் ஏன் சொல்லவில்லை என்று உம்மாவிடம் கேட்டார்.

"என்னட்ட ஆரும் கேக்கல்லியே மகன்."

கதவு முனகிக்கொண்டு திறந்தது. மேல் தட்டில் தலையணையளவு தடித்த பழைய கடைச் சிட்டைகள். நடுத்தட்டில் ஹஜ்ஜுக்குப் போன கடவுச்சீட்டும், எனக்கு எழுதிய இந்த வீட்டு உறுதியின் பிரதியும், கைலேஞ்சித் துணியில் சுற்றிய பல்செட்டும். பஸ்ஸில் விழுந்துவிட்டதாக வாப்பா சத்தியம் செய்யாத குறையாகச் சொன்ன அதே பல்செட். கீழ்த்தட்டில் பெரிய பிஸ்கட் டின் ஒன்று இருந்தது. பெரிய காக்கா அதை இரண்டு கையாலும் தூக்கி மண்டபத்துக்குக் கொண்டுபோய், நகைக்கடைக்காரரின் முன்னால் வைத்துத் திறந்தார்.

டின்னில் பாதிக்கு டொபி. பால் டொபி, இஞ்சி டொபி, எள்ளு உருண்டை. வாப்பாவுக்குப் பத்து வருடமாகச் சீனி வருத்தம். எங்கள் வீட்டுத் தேத்தண்ணியிலேயே அவருக்காகச் சீனி போடாமல் விட்டிருந்தோம்.

நகைக்கடைக்காரர் நல்ல மனிதர். வந்ததற்கு ஏதாவது நிறுக்க வேண்டும் என்று டின்னின் அடியில் கிடந்த வெள்ளி மோதிரமொன்றை எடுத்துத் தராசில் வைத்தார். பிறகு ஒரு எள்ளுருண்டையை வாயில் போட்டுக்கொண்டு, இந்த வீட்டில் பெறுமதியானது பெட்டிதான், இப்படி இரும்பு இப்போது வருவதில்லை என்றார். முதலில் சிரித்தது சின்னக் காக்கா. பிறகு பெரிய காக்காவும் கண்ணில் நீர் வரச் சிரித்தார். நானும் சிரித்தேன். குசினியிலிருந்து வந்த உம்மா டின்னைத் தன் பக்கம் இழுத்து மூடினார். இன்னும் பாதி மிச்சம் இருக்கிறதே என்று மட்டும் சொன்னார். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

அன்று நல்ல சாப்பாடு. அடுத்த வெள்ளிக்கிழமை சின்னக் காக்காவுக்குப் பள்ளிக்கூடத்தில் கூட்டம். பெரிய காக்காவுக்கு வயலில் தண்ணி பாய்ச்சல். அதற்கடுத்த வெள்ளிக்கிழமை போன்கூட வரவில்லை. ஆக்கிய சோற்றைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தேன். உம்மா ஜும்ஆ முடிகிற நேரத்துக்கு முகம் கழுவி, நல்ல புடவை உடுத்து, பின்னேரம் வரைக்கும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான்கு மாதம் சமைத்துச் சலித்தவள் நான். இரண்டு கிழமை அவர்கள் வராததில் சந்தோசப்பட்டிருக்க வேண்டும். எனக்கு அவர்கள் மேல் வந்த ஆத்திரத்தைச் சொல்லி மாளாது.

மூன்றாம் கிழமை புதனன்று உம்மா என்னைக் கூப்பிட்டார். பெட்டியைத் துடைத்து வைத்திருந்தார். சிட்டைகளெல்லாம் கட்டிலில் கிடந்தன. என் கண்ணுக்கு முன்னால் வெறும் பெட்டியைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

"காக்காமாருக்குப் போன் பண்ணு. உம்மா தன்ட சாமானெல்லாம் பெட்டியில வெச்சிப் பூட்டிட்டா எண்டு சொல்லு."

"ஒண்டுமே வெக்கல்லியே உம்மா?"

"அது எனக்கும் ஒனக்கும் தெரிஞ்சாப் போதும்."

சொன்னேன். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து கால் மணித்தியாலத்தில் இரண்டு மோட்டார் சைக்கிள். பெரிய காக்கா மீனும் கொண்டு வந்திருந்தார். சாப்பிடும்போது சின்னக் காக்கா, உம்மா உள்ளே என்ன வைத்திருக்கிறார் என்று பட்டும் படாமல் கேட்டார்.

"என்ட மௌத்துக்குப் பொறகு பாருங்க," என்றார் உம்மா, அவர் சோற்றுக் கோப்பையில் ஆணத்தை ஊற்றிக்கொண்டே. "இப்ப சோத்தத் திண்ணுங்க."

அது நடந்து எட்டு மாதமாகிறது. ஒரு வெள்ளிக்கிழமையும் அவர்கள் தவறவில்லை. பெரிய காக்கா புத்தகம் வாசிப்பதில்லை, சின்னக் காக்கா கணக்கில்லாத புத்தகம் வாசிப்பதில்லை. அதனால்தான் இதைத் தைரியமாக எழுதுகிறேன். பெட்டிக்குள் ஒன்றுமில்லை, சும்மாவே வரலாம் என்று அவர்கள் முகத்துக்கு நேரே சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு கிழமையும் நினைக்கிறேன். உம்மா கதவோரம் வந்து நின்று, அவர்கள் சாப்பிட்டு முடிக்கும் வரை பார்த்துக்கொண்டிருப்பார். சும்மா வரச் சொன்னால் வராமல் விட்டுவிடுவார்களோ என்று எனக்கும் பயம். ஆகவே இன்னும் கொஞ்சம் சோறு போடட்டுமா என்றுதான் கேட்கிறேன்.