பேர் சொல்லாதவள்

இது கட்டிவிட்ட கதை இல்லை. ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பு மேஸ்திரி அருணகிரிக்கு, 1918-ஆம் வருஷம் கார்த்திகை மாதம், ஒரு வெள்ளிக்கிழமை பட்டப்பகலில் நடந்தது. பேய் என்றால் ராத்திரிதான் வரும் என்று தைரியமாக இருப்பவர்கள் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள்.

முதலில் அவன் பெண்டாட்டி அமிர்தவள்ளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பதினோரு வருஷம் குடித்தனம் செய்தவள், ஒரு தடவைகூடப் புருஷன் பேரைச் சொன்னதில்லை. அந்தக் காலத்தில் யாரும்தான் சொல்ல மாட்டார்கள், ஆனால் இவள் ரொம்ப மோசம். வேலூரில் ஆஸ்பத்திரிச் சீட்டு எழுதுகிறவர் புருஷன் பேர் கேட்டதற்கு, நெற்றிக் குங்குமத்தைத் தொட்டுக் காட்டினாள், அப்புறம் ஜன்னல் வழியாக மலையைக் காட்டினாள். அவர் யோசித்து யோசித்து ‘செம்மலை’ என்று எழுதிவிட்டார். அதைச் சொல்லியே அருணகிரி அவளை ஒரு வருஷம் கேலி செய்தான்.

அவனைக் கூப்பிட வேண்டுமானால் கை வளையலைக் குலுக்குவாள். இரண்டு குலுக்கு என்றால் சோறு ஆயிற்று. மூன்று என்றால் கோபம். தோல் நாற்றத்தோடு வருகிறவனுக்குக் கொல்லையில் வெந்நீரும் சீயக்காயும் எடுத்து வைத்து, “நாறினாலும் என் ஊட்டுக்காரரு” என்பாள். அவள் மேல் அவனுக்கு உயிர். அதில் பொய் இல்லை.

பொய் வேறு இடத்தில் இருக்கிறது.

ஐப்பசியில் விஷக்காய்ச்சல் வந்தது. தெருவுக்கு நாலு பிணம். வீட்டில் காய்ச்சல் இருந்தால் வேலைக்கு வராதே என்று ஷாப்பில் சொல்லிவிட்டார்கள். அமிர்தவள்ளி படுத்த மூன்றாம் நாள் அவளுக்கு நினைவு தப்பியது. வேலை போய்விடுமோ, தனக்கும் ஒட்டிக்கொள்ளுமோ என்று அருணகிரிக்குப் பயம். கொல்லையில் தோல் பதனிடுகிற ஆவாரம்பட்டையைப் போட்டு வைக்கும் கொட்டகைக்கு அவளைத் தூக்கிப் போனான். பக்கத்தில் ஒரு செம்புத் தண்ணீர் வைத்தான். விடிந்தால் இருக்க மாட்டாள் என்று நினைத்தான். கதவைச் சாத்தி வெளியே நாதாங்கி போட்டான்.

போடும்போது உள்ளே வளையல் ஒரு தடவை சத்தம் போட்டது.

கை புரண்டிருக்கும்... என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, இருட்டோடு இருட்டாக நாட்றம்பள்ளிக்குப் பட்டை வாங்கப் போய்விட்டான். அது செவ்வாய்க்கிழமை.

வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்த பிறகு திரும்பி வந்து கதவைத் திறந்தான். எல்லாம் முடிந்திருந்தது. “என் மடியில தலை வெச்சிக்கினுதான் போனா” என்று தெருவெல்லாம் கேட்க அழுதான். கேட்டவர்களும் அழுதார்கள். அவளுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது, நினைவில்லாமலேயே போயிருப்பாள். இந்த ஒரு நினைப்பைப் பிடித்துக்கொண்டுதான் அவன் அதற்குப் பிறகு சாப்பிட்டான், தூங்கினான்.

அவள் போய் நாலாவது வெள்ளிக்கிழமை. ஜும்மாவுக்காக ஷாப்பை மூடியாயிற்று. ஆம்பிளைகள் எல்லாம் பள்ளிவாசலில். தெருவில் ஈ காக்கை இல்லை. அருணகிரி தானே காய்ச்சிய கஞ்சியை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். கடிகாரத்தைப் பார்த்தான். மணி 12.40.

கொல்லைப் பக்கம் சத்தம்.

கலுக்... கலுக்... கலுக்...

மூன்று.

கஞ்சியைத் தள்ளி வைத்தான். அந்த வளையல்களை அவன் கழற்றவே இல்லை. அவளோடு குழிக்குள் போனவை.

12.45. பின்வாசல் படியில் ‘டங்’ என்று ஏதோ உருண்டது. எட்டிப் பார்த்தான். கொட்டகையில் வைத்த அதே செம்பு. காலையில்தான் கழுவிப் பரண் மேல் வைத்தான். இப்போது அதன் அடியில் பட்டைத்தூள் அப்பியிருந்தது...

12.50.

“அருணகிரி...”

பெண் குரல். வறண்ட குரல்.

அப்பாடா! அவனுக்கு மூச்சு வந்தது. இது அமிர்தம் இல்லை. செத்தாலும் அவள் பேர் சொல்ல மாட்டாள். ஷாப்பில் வேலை செய்கிற யாரோ ஒரு கிழவி பட்டைக்கு வந்திருப்பாள்.

“இரும்மா, வர்றேன்” என்று எழுந்தான்.

கொட்டகைக் கதவு திறந்திருந்தது. எட்டிப் பார்த்தான். யாரும் இல்லை. உள்ளே இரண்டடி வைத்தான்.

கதவு சாத்திக்கொண்டது.

வெளியே... டக்.

நாதாங்கி.

கத்தினான். உதைத்தான். தொண்டை கிழியக் கத்தினான்.

ஒருவரும் வரவில்லை.

இருட்டு. பட்டைத்தூள் நெடி.

காதுக்குப் பக்கத்தில்... யாரோ மூச்சு விட்டார்கள்.

அவன் விடவில்லை. அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

1.25-க்குக் கதவு திறந்தது. அடுத்த வீட்டு வஜீதா நின்றிருந்தாள். தலையில் தொழுகைத் துணி.

“இவ்ளோ நேரமா கத்தறேன். காதுல வுழலியாம்மா?”

“நீங்களா? உங்க கொரலே கேக்கலியேண்ணா.” அவள் அவன் தோளுக்குப் பின்னால் பார்த்தாள். “உள்ள யாரு அந்தப் பொம்பள? அருணகிரி, அருணகிரின்னு ஒரே கூப்பாடு. நமாஸ்ல மனசே நிக்கல.”

பின்னால் யாரும் இல்லை.

“அதே கொரலுண்ணா” என்றாள் வஜீதா. “அமிர்தம் படுத்திருந்தப்பகூட, செவ்வாக்கெழம ராத்திரிலருந்து இதே கொரலு உங்களக் கூப்ட்டுது. அவதான் உங்க பேரச் சொல்ல மாட்டாளே... வேற யாரோன்னு வுட்டுட்டேன். இன்னிக்கி மனசு கேக்காம வந்துட்டேன்.”

அருணகிரி கதவைப் பிடித்துக்கொண்டான். “எப்ப... நின்னுது?”

“வெள்ளிக்கெழம. ஜும்மாவுக்குப் பாங்கு சொன்னாங்களே, அப்ப.”

அவள் அவனை வினோதமாகப் பார்த்தாள்.

“அவள மடில வெச்சிக்கினு நீங்க ஊட்லதான இருந்தீங்க? உங்களுக்குக் கேக்கலியா?”