கரண்டிக்காரியின் கையுறை

அந்த ரப்பர் தோட்டத்தில் அவளைக் கரண்டிக்காரி என்றே அழைத்தார்கள். மதியச் சோற்றை அவள் கையால் பிசைந்து உண்பதில்லை. கரண்டியால் அள்ளிப் போட்டுக்கொள்வாள். இதில் நாகரிகம் ஏதுமில்லை. தன் கையை வாயருகே கொண்டுபோனால் அவளுக்கே குமட்டும், அவ்வளவுதான்.

அமிலம் ஊற்றி உறையவைத்த ரப்பர்ப் பால்கட்டிகள் கொட்டகைத் தொட்டியில் அழுகிக் கிடக்கும். செத்த எலியைக் கெட்டுப்போன பாலில் ஊறவைத்தாற்போன்ற நாற்றம். அதற்குள் வெறுங்கையை விட்டுக் கட்டிகளைப் புரட்டிப் பிரிப்பது அவள் வேலை. மணமான புதிதில் தொடங்கியது. இப்போது பேரனே பிறந்துவிட்டான். விரலிடுக்கெல்லாம் வெடிப்பு, வெடிப்புக்குள் நாற்றம். எந்தச் சோப்பும் அங்கே எட்டவில்லை.

பேரனைத் தூக்கக் கை நீட்டியபோது மகள் தயங்கினாள். "கோவிச்சுக்காதம்மா. உன் கை பக்கத்துல வந்தாலே பச்சப்புள்ள ஓக்காளிக்குது."

அவள் கோபிக்கவில்லை. கையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

ரப்பர் வாங்கும் நிறுவனத்தார் பார்வையிட வந்த அன்று, மேஸ்திரி சாக்கை அவிழ்த்து எல்லாப் பெண்களுக்கும் கையுறை கொடுத்தார்.

"கேட்டா தினமும் போடுறோம்னு சொல்லணும். வாய் நீண்டா தோட்டத்து வீட்டைக் காலி பண்ணணும். அப்புறம், தொட்டிக்குள்ள விட்டுடாதீங்க, வீணாப்போயிடும்!"

ஆண்டுதோறும் நடக்கும் அருவருப்பான கூத்து இது. மற்ற நாளெல்லாம் கையுறைகள் கிடங்கில் பத்திரமாக இருக்கும், கைகள்தாம் அழுகும். மேஸ்திரியின் மோட்டார் சைக்கிள் கைப்பிடிக்குக்கூடத் தோலுறை உண்டு.

வந்தவர்கள் வாசலிலேயே மூக்கைப் பொத்தி, கையுறைகளைப் படமெடுத்து, "ஆளுங்களை நல்லா கவனிக்கிறீங்க" என்று மேஸ்திரியைப் பாராட்டிவிட்டு வண்டியேறினர். புழுதி அடங்குமுன் சாக்கு விரிந்தது.

"ம், கழட்டு, கழட்டு!"

கரண்டிக்காரி கழற்றினாள். சாக்கில் போடவில்லை. தொட்டிக்குள் முக்கி, அடியில் தேங்கிய கறுஞ்சாற்றை உள்ளும் புறமும் நிரப்பி, சொட்டச் சொட்ட அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"இந்தாங்கய்யா. தவறி விழுந்துடுச்சு."

"சீ! கிட்ட வராத!"

"உங்க சாமானாச்சேய்யா. உங்க கையாலயே வாங்கிக்குங்க."

"அந்தக் கருமத்தை நீயே வெச்சுத் தொலை!"

பின்னால் தொபுக்கென்று ஒரு சத்தம். "ஐயையோ, எனக்கும் வழுக்கிடுச்சே!" என்றாள் பக்கத்திலிருந்தவள். அப்புறம் வரிசையாக எல்லாருக்கும் வழுக்கியது. கொட்டகையே சிரித்தது.

வெறுஞ்சாக்கோடு போனார் மேஸ்திரி. மேலிடத்தில் முறையிடவும் வழியில்லை. தினமும் போடுகிறார்கள் என்று சற்றுமுன் நம்பவைத்தவர் அவர்தானே.

கரண்டிக்காரி கையுறையை அலசிக் காயவைத்து, மறுநாளே போட்டுக்கொண்டு தொட்டிக்குள் கைவிட்டாள். வெடிப்புகள் மூடப் பல மாதங்கள் பிடித்தன. ஒருநாள் மகள் அவள் உள்ளங்கையை எடுத்து முகர்ந்து பார்த்தாள்.

"இன்னும் லேசா இருக்கும்மா."

அவள் கையை இழுத்துக்கொள்வதற்குள் மகள் குழந்தையை அந்தக் கையில் கிடத்திவிட்டாள்.