நம்ம பக்கம் சரியாத்தான் இருக்கு

இணையப் படிவங்கள் செய்து கொடுக்கும் எங்கள் அலுவலகத்தில் அவரை ‘நம்மபக்கம்’ என்றுதான் சொல்வோம். இணையப் படிவம் போகவில்லை என்று யார் புகார் செய்தாலும், தான் எழுதின புரோகிராமைத் திறந்துகூடப் பார்க்காமல், “நம்ம பக்கம் சரியாத்தான் இருக்கு, அவங்கதான் தப்பா அடிக்கிறாங்க” என்பார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். பக்கத்து மேசையில் இருந்து இதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

அவருக்கு ஒரே அக்கா. கணவர் போன பிறகு ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்தார். கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள், காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். அந்த நேரம் பார்த்து நகராட்சி குறைந்த வாடகை வீடுகளுக்கு விண்ணப்பம் கேட்டது. அந்தப் படிவத்தை பி.எச்.பி. என்ற கணினி மொழியில் எழுதியது நம்மபக்கம். தம்பி எழுதின படிவம் என்று அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை.

கடைசி நாளன்று அக்கா போன் செய்தார். இவர் ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டே தட்டச்சு செய்தார்.

“எல்லாம் நிரப்பிட்டேன்டா. ‘உடன் வசிப்போர் எத்தனை பேர்’னு இருக்குல்ல, அதை நிரப்பவும்னு சிவப்புல வந்துக்கிட்டே இருக்கு.”

“அப்போ நிரப்புக்கா.”

“நிரப்பித்தான்டா இருக்கேன்!”

“நம்ம பக்கம் சரியாத்தான் இருக்கு. நீ ஒழுங்கா அடி.”

என்ன போட்டாய் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பாவி மனுஷன் கேட்கவில்லை.

அக்கா போட்டது பூஜ்யம். தனியாக இருப்பவர் வேறென்ன போடுவார்? கடைசியில் வேறு வழியில்லாமல் ஒன்று என்று போட்டார். படிவம் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டது. அறையைப் பார்க்க வந்த அதிகாரி, “இன்னொருத்தர் எங்கம்மா?” என்றார். பொய்த் தகவல் என்று விண்ணப்பத்தைத் தள்ளிவிட்டார்கள்.

அதற்குப் பிறகுதான் இவர் புரோகிராமைத் திறந்தார். கட்டம் காலியா என்று பார்க்க ‘எம்ப்டி’ என்ற சொல்லைப் போட்டிருந்தார். பி.எச்.பி.யில் அந்தச் சொல்லுக்குப் பூஜ்யமும் காலிதான். இவருக்கும் அது தெரியும். ஆனால் சோதிக்கும்போதெல்லாம் மூன்று என்றே அடிப்பார்: மனைவி, இரண்டு பிள்ளைகள். ஒண்டிக்கட்டையாக ஒருத்தர் இருப்பார் என்று தோன்றவே இல்லை.

“படிவத்துலதான் தப்புன்னு நகராட்சிக்கு எழுதிக் குடுங்கண்ணே. அக்காவுக்கு வீடு கிடைச்சிரும்” என்றேன்.

“முதலாளிக்குத் தெரிஞ்சா என் வேலை போயிரும்மா.”

சத்தமில்லாமல் புரோகிராமில் அந்த ஒரு வரியை மட்டும் மாற்றினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீடுகளையும் யார் யாருக்கோ கொடுத்து முடித்தார்கள். அக்கா இரண்டு பெட்டியோடு தம்பி வீட்டுக் கூடத்துக்கு வந்து சேர்ந்தார்.

போன வாரம் வேறொரு படிவம் வந்தது. அதிலும் அதே கேள்வி. இந்த முறை முதலில் பூஜ்யம் போட்டுப் பார்த்தார். போனது. பிறகு பழக்கத்தில் மூன்று என்று அடித்தார்.

“அண்ணே, அக்கா உங்க வீட்டுலதானே இருக்காங்க? நாலுல்ல வரணும்?”

“சும்மா டெஸ்ட்தானேம்மா” என்று அனுப்பும் பொத்தானை அமுக்கினார்.

படிவம் அதையும் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டது.