முந்திப் போட்ட வைக்கோல்

லோர்னா பிங்கம் என் பக்கத்து வீட்டுக்காரி. எங்கள் வெர்மான்ட் மாநிலத்து மலைச்சாலைகளில் இருபத்தாறு வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள். எந்தப் பனியிலும் ஒரு பிள்ளைக்கும் கீறல் விழுந்ததில்லை. ஆனால் கொல்லையில் இருந்த கேரட் பாத்தியை மட்டும் அவள் கணவன் ஹார்லன் அவளை நம்பி விட்டதே கிடையாது.

குளிர்காலத்துக்குக் கேரட்டை நாங்கள் பிடுங்குவதில்லை. மண்ணிலேயே விட்டு, மேலே முழங்கால் உயரம் வைக்கோல் போடுவோம். குளிர் ஏற ஏறக் கிழங்கு இனிக்கும். ஆனால் மேல்மண் உறைந்து இறுகிய பிறகுதான் வைக்கோல் விழ வேண்டும். முந்திப் போட்டால் எலிக்கு மெத்தை விரித்த மாதிரி. விருந்தாளிகள் முன்னாலும் இதை ஹார்லன் அவளுக்குப் பாடம் நடத்துவான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவள் சிரித்து மழுப்பிவிடுவாள்.

போன அக்டோபரில் அவனுக்குக் கணையத்தில் புற்று என்றார்கள். இரண்டு மணி நேரத் தூரத்து ஆஸ்பத்திரி. அங்கேயே அவனோடு தங்க வேண்டும், மண் எப்போது இறுகும் என்று பார்க்க ஆள் இல்லை. 'ஜூன், நீ பாத்துக்க' என்று என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், பாவி. கிளம்பிய அன்று காலையில் தனியாகவே பத்துக் கட்டு வைக்கோலைச் சுமந்து பாத்தியை மூடிவிட்டுப் போனாள். மண் இன்னும் பொலபொலவென்றுதான் இருந்தது.

பிப்ரவரியில், இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எதையும் வாயில் வைக்காதவன் ஒருநாள் நம்ம கேரட் ரெண்டு வேகவைத்துக் கொடு என்று கேட்டான். கையுறைகூடப் போடாமல் ஓடினாள். நானும் மண்வெட்டியோடு போனேன். பனியைத் தள்ளி வைக்கோலை விலக்கினால் கேரட்டுகளின் தலை வரிசையாகப் பச்சையாய் நின்றது. முதலாவதை இழுத்தாள். தலை மட்டும் கையோடு வந்தது, கீழே வெறும் பொந்து. நாலு வரிசையும் அப்படியே. எலி ஒன்றைக்கூட விடவில்லை.

என் பாத்தியிலிருந்து கொண்டுவருகிறேன், அவனுக்கா தெரியப்போகிறது என்றேன். பொய் சொல்லி ஊட்ட மாட்டேன் என்றவள், உள்ளே போய் அவனிடம் உள்ளதைச் சொல்லிவிட்டாள். நான் வாசற்படியில் நின்றேன்.

"மண்ணு இறுகறதுக்கு முன்னாடியே போட்டியா?"

"ஆமாங்க."

"நாப்பது வருஷமாச் சொல்றேன். ஒரு காரியம் உருப்படியாச் செய்யத் தெரியுதா உனக்கு?"

சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். ஏன் முந்திப் போட்டாள் என்று சொல்ல எனக்கு நாக்குத் துடித்தது. வேண்டாம் என்று கையைக் காட்டினாள். மூன்றாம் நாள் அவன் போய்விட்டான். நடுவில் அவளிடம் வேறு வார்த்தை பேசவில்லை.

அடக்கம் முடிந்து பாத்திரம் கழுவும்போது கேட்டேன், ஏன் சொல்லவில்லை என்று.

"அவரு சீக்காலதான்னு சொன்னா பழிய அவரு தலையில கட்டின மாதிரி ஆயிடும், ஜூன். தப்பு தப்புதான்." ஒரே தட்டைத் திரும்பத் திரும்பத் தேய்த்துக்கொண்டிருந்தாள். "ஆனா பரவாயில்ல லோர்னான்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். இல்ல?"

செத்தவனைத் திட்டுவது தப்புதான். நான் வாய் வலிக்கத் திட்டினேன். அவள் என்னைத் தடுக்கவில்லை.