தறியை நிறுத்திப் படித்த பரீட்சை

நுழைவுத் தேர்வுக்குப் படிப்பது முழுநேர வேலை. லீவு கிடையாது, சம்பளம் கிடையாது, "என்ன பண்றீங்க?" என்று யாராவது கேட்டால் சொல்லிக்கொள்ள ஒரு பதவியும் கிடையாது. இந்த வேலையில் இருந்தவர்களுக்கும் இப்போது இருப்பவர்களுக்கும் நான் புதிதாக எதுவும் சொல்லிவிடப் போவதில்லை. ஆனால் ஒன்றை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். இதில் பாதிதான் நான் கண்ணால் பார்த்தது. நான் காந்திபுரத்தில் பயிற்சி வகுப்பில் உட்கார்ந்திருந்தபோது வீட்டில் நடந்ததெல்லாம் எதிர்வீட்டு சுமதி அக்கா சொல்லித் தெரிந்துகொண்டது. அக்கா கொஞ்சம் சேர்த்துத்தான் சொல்வார்.

எங்கள் ஊர் சோமனூர் பக்கம். வீட்டை ஒட்டியே குடோன், அதில் அப்பாவும் அம்மாவும் கூலிக்கு விசைத்தறி ஓட்டுகிறார்கள். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான், பி.எஸ்சி. கணிதம். எம்.சி.ஏ. நுழைவுத் தேர்வில் தேறினால் அரசுக் கல்லூரியில் சேரலாம். தேறாவிட்டால் எங்களுக்கு நெய்யப் பாவு நூல் கொடுக்கும் கம்பெனியில் பில் போடும் வேலை. அதற்கு அப்பா ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தார். இன்னொரு வருடம் படிக்கிறேன் என்று கேட்கும் துணிச்சல் எனக்கு இல்லை.

தேர்வில் இரண்டு பகுதிகள். ஒன்று கணக்கு, இன்னொன்று ஆங்கில வாசிப்பு. இரண்டிலும் தனித்தனியாகத் தேற வேண்டும். கணக்கில் எனக்குப் பயமில்லை. வாசிப்புப் பகுதியில் நீளமாக ஒரு பத்தியைக் கொடுத்து, அதற்குக் கீழே கேள்விகள் கேட்பார்கள். பள்ளி முழுக்கத் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு அந்தப் பத்தியைப் பார்த்ததும் உள்ளங்கை வேர்க்குமே, அது எனக்கும் வேர்க்கும்.

பேப்பரில் ஓடிய தறி

எங்கள் பயிற்சி வகுப்பு ஒரு செல்போன் கடைக்கு மேல் மாடியில் நடந்தது. ஜன்னலைத் திறந்தால் டவுன் பஸ் ஹாரன், மூடினால் வேர்வை. ஒருநாள் வாசிப்புப் பகுதி எடுக்கும் சார் கொடுத்த பத்தி, என் அதிர்ஷ்டம், விசைத்தறியைப் பற்றியே இருந்தது. எங்கோ வெளிநாட்டில் விசைத்தறி வந்ததும் நெசவுக்கு ஆள் கவனமே தேவையில்லாமல் போயிற்று என்று எழுதியிருந்தார்கள். படிக்கப் படிக்க எனக்குக் கோபம் வந்தது. இழை ஒன்று அறுந்தால் யார் பார்ப்பது? குறுக்கே நூல் கொண்டு ஓடும் நாடா பாதியில் நின்றால் யார் ஓடுவது? என் அம்மா சோற்றுத் தட்டோடு எழுந்து ஓடியதை எத்தனை முறை பார்த்திருக்கிறேன்.

தறிக்கு எவ்வளவு கவனம் தேவை என்பது கேள்வி. "எப்போதும்" என்ற விடையைக் குறித்துவிட்டு, முதல்முறையாக வாசிப்புப் பகுதியில் எனக்கு ஒன்று தெரிந்திருக்கிறது என்ற நிம்மதியோடு பேப்பரைக் கொடுத்தேன். சார் அதைத் தவறென்று சுழித்தார். நான் எழுந்து எங்கள் வீட்டு நிலவரத்தை விளக்கமாகச் சொன்னேன். நாடா, அதற்குள் நூல் சுற்றி வைக்கும் தார், பாவு என்று எதையும் விடவில்லை. சார் பொறுமையாகக் கேட்டார். பெரிய மனிதர், ஒரு தடவைகூடக் குறுக்கே பேசவில்லை. நான் முடித்ததும் சொன்னார்:

"உங்க ஊட்டுத் தறியப் பத்தி யாரும் கேக்கலீங்க அம்மணி. பேப்பர்ல ஓடுற தறியப் பத்தித்தான் கேக்கறாங்க."

திங்கட்கிழமை

என் பக்கத்தில் உட்காருபவள் மெர்சி. பெரியநாயக்கன்பாளையத்தில் அவள் அப்பா சின்னதாக லேத் பட்டறை வைத்திருந்தார். ஆங்கிலப் பத்தியை அவள் தண்ணீர் குடிப்பதுபோலப் படிப்பாள். கணக்கு என்றால் அழுகை வரும். எனவே வகுப்புக்கு முன்னால் பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் உட்கார்ந்து நான் அவளுக்குக் கணக்கும் அவள் எனக்கு வாசிப்பும் சொல்லிக்கொடுப்பது என்று ஏற்பாடு.

ஒரு வேலையைப் பத்து ஆட்கள் ஆறு நாளில் முடித்தால், நாலு நாளில் முடிக்க எத்தனை ஆட்கள் வேண்டும் என்று ஒரு கணக்கு. நான் போட்டுக் காட்டினேன்: பதினைந்து. மெர்சி ஒத்துக்கொள்ளவில்லை. எத்தனை முறை போட்டுக் காட்டினாலும் பதினைந்து பேர் போதாது என்றாள். எங்கே தவறு என்று நானும் மறுபடி மறுபடி பார்த்தேன். கடைசியில்தான் தெரிந்தது, அவள் கணக்கையே பார்க்கவில்லை. மனசுக்குள் அப்பாவின் பட்டறையில் நின்றுகொண்டிருந்தாள். சார் எனக்குச் சொன்ன புத்திமதியை அவளுக்கு அப்படியே திருப்பிச் சொன்னேன். காதில் வாங்கிக்கொண்டாள், ஆனால் சமாதானமாகவில்லை.

"சனிக்கெழம சம்பளம் குடுத்தா திங்கக்கெழம பாதிப் பேரு வர மாட்டாங்க புள்ள. இந்தக் கணக்கப் போட்டவரு ஒருநாளும் பட்டறை நடத்தியிருக்க மாட்டாரு."

சத்தம் நின்றது

நேரம் வைத்து எழுதிப் பார்க்க வேண்டிய மாதிரித் தேர்வுகள் வந்தன. வீட்டிலேயே செல்போனில் எழுத வேண்டும். முதல் தேர்வன்று நான் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்ததும், ஒன்றன்பின் ஒன்றாகத் தறிகள் நின்றன. என்னிடம் யாரும் கேட்கவில்லை. அப்பாவே முடிவெடுத்து நிறுத்தியிருந்தார்.

தறி வீட்டில் பிறந்தவர்களுக்கு மட்டும் இது புரியும். அந்தச் சத்தம் எங்களுக்குச் சத்தமே இல்லை. அது நின்றால்தான் ஏதோ கேட்கிறது. மின்விசிறி கேட்டது. கதவுக்கு வெளியே அம்மா மூச்சுவிடுவது கேட்டது. என் நெஞ்சு அடித்துக்கொள்வது கேட்டது. பத்தியின் முதல் வரியையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன். கணக்குப் பகுதியில் நல்ல மதிப்பெண், வாசிப்பில் மோசம். வெளியே வந்து, அப்பா வருத்தப்படக் கூடாதே என்று சுற்றி வளைத்து, தறி ஓடினால்தான் எனக்கு மனசு நிற்கிறது என்று சொன்னேன். அம்மா சிரித்தார்:

"தொட்டில்ல கெடக்கறப்பவே இவ இப்படித்தானுங்க. தறி ஓடுற வரைக்கும் தூங்குவா, நின்னா முழிச்சுக்குவா."

வீதி முழுக்கப் பரீட்சை

இதை சாரிடம் சொன்னேன். தேர்வு மையத்தில் தறி ஓடாது என்றார் அவர். அமைதியில் எழுதப் பழகிக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லையாம். வீட்டில் வந்து சொன்னதுதான் தப்பாகப் போயிற்று. தினமும் காலையில் ஒரு மணி நேரம் தறியை நிறுத்துவது என்று அப்பா தீர்மானித்துவிட்டார். நான் வேண்டாம் என்றேன். ஓடாத தறி என்ன தரும் என்று எனக்குத் தெரியாதா? பேசாமல் படி கண்ணு என்று போய்விட்டார்.

எங்கள் தறி நின்றால் போதாது, பக்கத்துக் குடோன்களின் சத்தம் வந்துகொண்டிருந்தது. அதற்கு அப்பா செய்ததை சுமதி அக்கா சொல்லித்தான் அறிந்தேன். வீதியில் ஒவ்வொரு குடோன் வாசலிலும் போய் நின்றாராம். ஏனுங்க, பொண்ணு பரீட்சைக்குப் படிக்குதுங்க, தப்பா நெனைக்காதீங்க என்று ஆரம்பித்து, கேட்க வந்ததைக் கேட்காமலே திரும்பிவிடுவாராம். அவர்களே புரிந்துகொண்டு அந்த ஒரு மணி நேரத்தைச் சாப்பாட்டு நேரமாக மாற்றிக்கொண்டார்கள். எல்லோரும் என்று அக்கா சொன்னார். சிலர் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். ஆனால் அமைதி வந்தது உண்மை. கடைசிக் குடோன்காரர் அப்பாவிடம் சொன்னாராம்:

"விடுங்க மச்சான், நிறுத்திப்போடலாம். உங்க பொண்ணு எழுதுற மாதிரியே தெரியலீங்க, நம்ம வீதியே எழுதுற மாதிரி இருக்குது."

மெர்சி கண்டுபிடித்தது

இவ்வளவு செய்தும் என் வாசிப்பு மதிப்பெண் ஏறவில்லை. இன்னும் கொஞ்சம் இறங்கியது என்பதுதான் நேர்மையான கணக்கு. பாவு கொடுப்பவர் வந்து துணி ஏன் தாமதம் என்று அம்மாவிடம் கேட்டுவிட்டுப் போனார். தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. கம்பெனியில் பில் போடும் மேசை என் கனவில் வர ஆரம்பித்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மெர்சி எங்கள் வீட்டுக்கு வந்தாள். நான் எழுதுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். நான் உட்காரும் இடத்திலிருந்து ஜன்னல் வழியாகத் திறந்த குடோன் கதவு தெரியும். உள்ளே அப்பா, நின்றுபோன தறிக்குப் பக்கத்தில், தார்ப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, மடியில் கை வைத்து உட்கார்ந்திருப்பார். இருமல் வந்தாலும் துண்டை வாயில் பொத்திக்கொள்வார். ஒவ்வொரு வரி படித்து முடிக்கும்போதும் நான் நிமிர்வேனாம். எனக்கு அது தெரியவே தெரியாது. மெர்சி செல்போனைப் பிடுங்கி வைத்துவிட்டுச் சொன்னாள்:

"நீ எங்க புள்ள பத்தியப் படிக்கற? உங்கப்பாவத்தான் படிச்சிட்டிருக்கற."

டீக்கடை

மறுநாள் அப்பாவிடம் ஓர் உதவி கேட்டேன். அந்த ஒரு மணி நேரம் டீக்கடையில் போய் உட்கார்ந்திருங்கப்பா என்றேன். வேலை நேரத்தில் டீக்கடை பெஞ்சில் உட்காருபவர்களைப் பற்றி அப்பாவுக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு; அதை அவர் என்னிடமே பலமுறை சொல்லியிருக்கிறார். ஆனாலும் போனார். சட்டை மாற்றிக்கொண்டு போனார். முதல்நாள் அவரைப் பார்த்துக் கடைக்காரர் பதறி, வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று விசாரித்தாராம்.

நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். பத்தியில் இருப்பதைப் பத்தியில் இருக்கிறபடியே படித்தேன். அந்த வாரம் வாசிப்பு மதிப்பெண் கொஞ்சம் ஏறியது, அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம். சந்தோஷமாக அப்பாவிடம் காட்டினேன். அவர் அதைப் பார்த்துவிட்டு, கவலையோடு அம்மாவைப் பார்த்தார்:

"பாப்பா பாஸாகறதுக்குள்ள நான் வெட்டி ஆளுன்னு ஊருக்குள்ள பேரெடுத்துருவேனாட்ட இருக்குது."

கேட்டுக்கு வெளியே

தேர்வு மையம் சரவணம்பட்டியில் ஒரு கல்லூரி. அம்மா என்னோடு வந்தார். உள்ளே அப்படி ஒரு அமைதி. கணக்கு முடிந்து வாசிப்புப் பகுதி வந்தபோது கை வேர்த்தது. ஒரு பத்தி தேனீக்களைப் பற்றி, ஒரு பத்தி ஏதோ ஊரின் பாலத்தைப் பற்றி. இரண்டைப் பற்றியும் எனக்கு எதுவும் தெரியாது. அவ்வளவு நிம்மதியாக நான் எந்தப் பத்தியையும் படித்ததில்லை.

வெளியே வந்ததும் அப்பாவுக்கு போன் செய்தேன். வழக்கமாகத் தறிச் சத்தத்துக்கு மேல் இருவரும் கத்துவோம். அன்று அவர் குரல் பக்கத்தில் நின்று பேசுவதுபோலத் தெளிவாகக் கேட்டது. தறி ஓடவில்லையா என்று கேட்டேன். கரண்ட் இல்லை கண்ணு என்றார். போனை வைத்துவிட்டு, பசிக்கிறது என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா என் முகத்தைப் பார்த்தார்:

"மத்த புள்ளைக எல்லாம் அழுதுட்டு வருதுக, உனக்குப் பசிக்குதுங்கற. அப்ப நல்லாத்தான் எழுதியிருப்ப."

சுமதி அக்கா சொன்னது

வாசிப்புப் பகுதியில் மயிரிழையில் தேறினேன். கணக்கு கைகொடுத்தது, அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்தது. மெர்சிக்கும் கிடைத்தது, அவள் கணக்கில் மயிரிழை. விடுதிக்குக் கிளம்புவதற்கு முதல்நாள் சொல்லிக்கொள்ள சுமதி அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா பேச்சுவாக்கில் தேர்வு நாளைப் பற்றிச் சொன்னார். காலையில் நான் தேர்வு எழுதும் நேரத்துக்குச் சரியாக அப்பா தறிகளை நிறுத்திவிட்டு, அந்தத் தார்ப் பெட்டியின்மேல் உட்கார்ந்தாராம். தேர்வு முடியும் நேரம் வரை எழவில்லையாம்.

அன்று கரண்ட் இல்லையே அக்கா என்றேன். கரண்ட் இல்லாமலா கிரைண்டரில் மாவு ஆட்டிக்கொண்டே பார்த்தேன் என்றார் அக்கா. பொண்ணு சரவணம்பட்டியில் இருக்கும்போது இங்கே எதற்குத் தறியை நிறுத்தினீர்கள் என்று வாசலில் இருந்தே கேட்டாராம். அதற்கு அப்பா சொன்ன பதில்:

"அங்க எழுதிட்டு இருக்குமல்லங்க."

சுமதி அக்கா சேர்த்துச் சொல்பவர் என்பதால் மறுநாள் பஸ் ஏறும் முன் எங்கள் ஊர் லைன்மேனைப் பார்த்து விசாரித்துவிட்டேன்: அன்று காலை எங்கள் வீதியில் கரண்ட் ஒரு நிமிடம்கூடப் போகவில்லை.