ஒன்றரை தெஸ்லா

வலது கை விறைக்கத் தொடங்கிச் சில மாதங்கள் ஆகியிருந்தன. பாடம் நடக்கும்போது சோக்கட்டி தானாகக் கீழே விழும். "ரீச்சர், விழுந்திட்டுது" என்று பிள்ளைகள் எடுத்துத் தருவார்கள். "தெரியும், நானென்ன குருடியே?" என்று எரிந்து விழுவேன். தீவுப் பள்ளிக்கூடமொன்றில் பௌதிகவியல் படிப்பிக்கிறேன். விசைக்கு நியூற்றன், காந்தப்புலத்துக்குத் தெஸ்லா என்று அந்தப் பலகையில் எத்தனை வருடமாக எழுதியிருப்பேன்! ஒரு சோக்கட்டியின் நிறை நியூற்றனில் பத்திலொரு பங்குதான். அதைப் பிடிக்க என் விரல்களுக்கு ஏலவில்லை.

கழுத்தில் நரம்பு நெரிபடுகிறது போல, எம்.ஆர்.ஐ. படம் பார்த்தால்தான் ஒப்பரேஷன் செய்யலாம், இல்லாவிட்டால் கை இப்படியே போய்விடும் என்றார் டொக்டர். கரம்பொனிலிருந்து முதல் பஸ்ஸில் நானும் மனுசனும் யாழ்ப்பாணம் போனோம். ஸ்கான் அறைக் கதவில் ஒன்றரை தெஸ்லா என்று எழுதியிருந்தது. எங்கள் ஆய்வுகூடத்துக் காந்தம் அதில் நூறிலொரு பங்கும் வராது. எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

"நகையெல்லாம் கழட்டுங்கோ. உடம்புக்குள்ள இரும்பு ஏதும் இருக்கோ அன்ரி?" என்று ஸ்கான் எடுக்கிற பிள்ளை கேட்டாள்.

"இல்லை" என்றேன். தாலிக்கொடி, தோடு, காப்பு எல்லாவற்றையும் மனுசனிடம் கொடுத்துவிட்டு உள்ளே போகத் திரும்பினேன்.

"இஞ்சரும்," என்றார் அவர், "உம்மட முதுகில கிடக்கிறது?"

ஐயோ! சண்டைக் காலத்தில், பள்ளிக்கூடப் பிள்ளையாக இடம்பெயர்ந்து ஓடிய நாளில் பட்ட ஷெல் துண்டு. எடுத்தால் ஆபத்து என்று அப்போதே விட்டுவிட்டார்கள். பிறகு அது நோகவுமில்லை. அது இரும்பு என்ற நினைப்பே எனக்கு இருக்கவில்லை. அது என் முதுகு, அவ்வளவுதான்.

எக்ஸ்ரேயில் துண்டு முள்ளந்தண்டை ஒட்டிக் கிடந்தது. "இதோட உள்ள விட ஏலாது அன்ரி. காந்தம் இழுத்தா நரம்பை வெட்டிப்போடும்."

வேறு ஸ்கானில் நரம்பு தெளிவாகத் தெரியாது, அதை நம்பிக் கழுத்தில் கத்தி வைக்க மாட்டேன் என்று டொக்டரும் சொல்லிவிட்டார். அழுகை வரவில்லை. கோபமும் வரவில்லை. தாலிக்கொடியின் கொழுக்கியை மனுசன்தான் மாட்டிவிட்டார். தீவுக்குத் திரும்பிப் பண்ணைப் பாலத்தில் பஸ் போகும்போது கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த கிழமை காந்தப்புலப் பாடம். புலத்துக்குக் குறுக்கே ஒரு மீற்றர் கம்பி, அதில் ஓர் அம்பியர் மின்னோட்டம், அதன்மேல் ஒரு நியூற்றன் விசை என்றால் அது ஒரு தெஸ்லா. இடது கையால் எழுதினேன். கோழி கிளறின மாதிரி எழுத்து.

"ஒரு தெஸ்லா எண்டா உண்மையில எவ்வளவு பெரிசு, ரீச்சர்?" என்று முன்வாங்கில் இருந்தவள் கேட்டாள்.

"ஒண்டரைத் தெஸ்லா இருக்கிற அறைக்குள்ள நான் போக ஏலாது, பிள்ளை. முதுகில ஷெல் துண்டு கிடக்கு. இழுத்து நரம்பை வெட்டிப்போடுமாம்."

ஒருவரும் திகைக்கவில்லை. அவள் கொப்பியில் எழுதியபடியே, "அப்ப எங்கட அம்மாவும் போக ஏலாது" என்றாள்.

"எங்கட அப்பாவும்" என்றது பின்வாங்கிலிருந்து ஒரு குரல்.

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. பலகைப் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன்.